சும்மா கூட இருப்பா

“வீட்டம்மா கடையில என்ன வேலை பாக்கறாங்க சார்?” என்று ஆடிட்டர் கேட்டார்.

அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “வேலைன்னு ஒண்ணும் இல்ல சார். சும்மா கூட இருப்பா.”

நானும் அந்த அறையில்தான் இருந்தேன், மடியில் லேப்டாப்போடு. திருத்தவில்லை. அந்த வாக்கியத்தில் தப்பு இருப்பதாகவே அப்போது எனக்குத் தோன்றவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து சென்டாக் விண்ணப்பம் நிரப்பியபோது, தந்தையின் தொழில் என்ற இடத்தில் ‘சொந்தத் தொழில்’ என்றும் தாயின் தொழில் என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்றும் எழுதியவன் நான்தான். அன்றைக்கு அம்மா எங்கே இருந்தாள் என்பதும் நினைவிருக்கிறது. அச்சகத்தில், கம்ப்யூட்டருக்கு முன்னால், யாரோ ஒருவருடைய கல்யாணப் பத்திரிகையின் மூன்றாவது புரூஃபில்.

எங்கள் அச்சகம் காந்தி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் சண்டே மார்க்கெட் கூட்டம் சந்து முனைவரை வந்துவிடும், வண்டியை வெளியே எடுக்க முடியாது. 1994இல் ஒரு செகண்ட் ஹேண்ட் ட்ரெடில் மெஷினோடு ஆரம்பித்தது. இப்போது ஒரு நான்கு கலர் ஆஃப்செட், ஒரு கட்டிங் மெஷின், ஐந்து ஆட்கள். பத்திரிகை, நோட்டீஸ், பில் புக் என்று ஓடிக்கொண்டிருந்த கடைக்குச் சில வருடங்களாகச் சேதராப்பட்டு, தட்டாஞ்சாவடி பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து அட்டைப்பெட்டி ஆர்டர்கள் வருகின்றன. சந்தோஷமான செய்தி. ஆனால் வருமானவரிச் சட்டத்தில் சந்தோஷத்துக்கு உச்சவரம்பு உண்டு. அது 2 கோடி.

2 கோடிக்குள் விற்றுமுதல் இருக்கும் சிறு வியாபாரி பிரிவு 44ஏடி-யின் கீழ் கணக்குப் புத்தகம் எதுவும் காட்ட வேண்டாம். விற்றுமுதலில் 8 சதவீதம் லாபம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம், பணம் வங்கி வழியாக வந்திருந்தால் 6 சதவீதம். ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாதவர்களுக்கு வரம்பு 3 கோடி. எங்களுக்கு அது பொருந்தாது, கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் மஞ்சள் தடவிய கவரில் ரொக்கம்தான் கொடுப்பார்கள். அப்பா பல வருடம் இந்த எட்டு சதவீதத்தில் நிம்மதியாக இருந்தார். போன நிதியாண்டில் 2 கோடியே 20 லட்சம் வந்துவிட்டது. இனிமேல் உண்மையான கணக்கு எழுத வேண்டும், தணிக்கை செய்ய வேண்டும். காகிதம், மை, கரண்ட், கூலி, எல்லாம் போக நிகர லாபம் 18 லட்சம் என்று வந்தது.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். “கூலியெல்லாம் கழிக்கிறோமே, அம்மாவுக்கும் சம்பளம் எழுதலாமே சார்?” அதற்குத்தான் ஆடிட்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

கேள்விக்குப் பின்னால் இருந்தது பிரிவு 64. ஒருவருக்குக் கணிசமான பங்கு இருக்கும் தொழிலிலிருந்து அவருடைய மனைவிக்கோ கணவனுக்கோ சம்பளம் போனால், அந்தச் சம்பளத்தை அவருடைய வருமானத்தோடே சேர்த்து வரி போட வேண்டும். ஒரே ஒரு விதிவிலக்கு. வாங்குகிறவருக்குத் தொழில்நுட்பத் தகுதியோ தொழில்முறைத் தகுதியோ இருக்க வேண்டும், சம்பளம் முழுக்க அந்த அறிவுக்கும் அனுபவத்துக்கும் கிடைத்ததாக இருக்க வேண்டும். இந்தப் பிரிவை நான் குறை சொல்ல மாட்டேன். வேலையே பார்க்காத மனைவி பெயரில் சம்பளம் எழுதி வரியைப் பாதியாக்கும் கணவர்கள் இந்த நாட்டில் கொஞ்சமா? அவர்களைப் பிடிக்க விரித்த வலை அது. உண்மையாகவே வேலை பார்க்கிற மனைவிகளும் அதில் சிக்குகிறார்கள், அவ்வளவுதான்.

அம்மா என்ன வேலை பார்த்தாள்? அன்று ராத்திரி ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். 1994இல் அப்பா அவளுக்கு அச்சுக் கோர்க்கக் கற்றுக்கொடுத்தார். ஈய எழுத்துகளைக் கேஸிலிருந்து பொறுக்கி ஸ்டிக்கில் அடுக்குவது. எழுத்துகள் கண்ணாடியில் தெரிகிற மாதிரித் திரும்பி இருக்கும். இன்றைக்கும் ஆம்புலன்ஸின் முன்பக்கத்தில் திருப்பி எழுதியிருப்பதை அம்மா நேராக எழுதியதுபோலப் படித்துவிடுவாள். நான் குழந்தையாக இருந்தபோது தூளி ட்ரெடிலுக்குப் பின்னால் கட்டியிருந்ததாம், அந்தத் தடதடப்பு நின்றால் நான் விழித்துக்கொள்வேனாம். பிறகு 1999இல் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. பேஜ்மேக்கர் கற்றுக்கொள்ள அப்பா ஒரு பையனை வேலைக்கு வைத்தார், பையன் மூன்று மாதத்தில் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனான். அவன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். இருபத்தாறு வருடமாக எழுந்திருக்கவில்லை. டைப் செய்வது, பக்கம் கட்டுவது, பிழை பார்ப்பது, பார்ட்டியிடம் ‘மணமகன் தாத்தா பேருக்கு முன்னாடி திரு போடணுமா, அமரர் போடணுமா’ என்று பக்குவமாகக் கேட்பது, எல்லாம் அவள். அப்பா மெஷினையும் வசூலையும் பார்த்துக்கொள்வார்.

இத்தனையையும் ‘சும்மா’ என்கிற ஒற்றை வார்த்தைக்குள் அடக்கியது அப்பாவின் திமிர் என்று எழுதினால் கட்டுரைக்கு நன்றாக இருக்கும். உண்மை அப்படி இல்லை. வெளியாளிடம் ‘பொண்டாட்டிய வேலை வாங்கறேன்’ என்று சொல்வது அவருக்குக் கௌரவக் குறைச்சல். அவருடைய அகராதியில் ‘சும்மா கூட இருப்பா’ என்பது ஒரு வகை மரியாதை. அந்த மரியாதையால் அம்மாவுக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை என்பது வேறு விஷயம்.

புதுச்சேரியில் அச்சகம் வைத்திருப்பவனுக்கு வரி என்பது வாடிக்கையாளர் மாதிரி. இந்த ஊரே ஒரு வரிக் கதைதான். 1954இல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தாலும் சட்டப்படியான கைமாற்றம் 1962இல்தான் நடந்தது. இந்திய வருமானவரிச் சட்டம் இங்கே நீட்டிக்கப்பட்டது 1963இல். விற்பனை வரி குறைவு என்பதற்காக ஃபிரிட்ஜும் டிவியும் வாங்க விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் ஆட்கள் வந்த காலம் எனக்கே நினைவிருக்கிறது. தொழிலில் பின்தங்கிய பகுதி என்று வருமானவரிச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் சேர்த்து, புதுத் தொழிற்சாலைகளுக்குச் சில ஆண்டு வரிவிலக்கும் கொடுத்தார்கள். வரி மாறும்போதெல்லாம் எங்களுக்கு வேலை வரும், ஏனென்றால் ஊரில் உள்ள எல்லாக் கடைகளும் பில் புக்கைத் திரும்ப அடிக்க வேண்டும். 2007இல் வாட் வந்தபோது அடித்தோம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ராத்திரி இரண்டு மணிவரை மெஷின் ஓடியது. அந்தப் பதினைந்து இலக்க எண்களை ஒவ்வொன்றாகப் பிழை பார்த்ததும் அம்மாதான்.

அந்த எண்ணுக்குள் ஒரு சங்கதி இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. அடுத்த பத்தும் அந்தத் தொழிலின் பான் எண். பானின் நான்காவது எழுத்தைப் பார்த்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். ‘பி’ என்றால் தனிமனிதர், ‘எஃப்’ என்றால் பங்குதாரர் நிறுவனம், ‘சி’ என்றால் கம்பெனி. ஆயிரக்கணக்கான எண்களைப் பார்த்து அம்மா இதைத் தானாகவே கண்டுபிடித்திருந்தாள். “இவங்க போர்டுல அண்டு கோ-ன்னு போட்டிருக்காங்க, நம்பர்ல பி இருக்கு. தனி ஆளுதான்” என்பாள். எங்கள் கடையின் நான்காவது எழுத்தும் பி. சட்டத்தைப் பொறுத்தவரை கடை என்று தனியாக எதுவும் இல்லை, அப்பா மட்டும்தான் உண்டு.

சரி, மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். நான் முடிவு செய்தேன் என்பதைக் கவனியுங்கள். பத்து வருடப் பழைய கோடைப் பார்த்தால் பிரித்து மேய்ந்து திரும்ப எழுதத் தோன்றுமே, அந்த வியாதி. அப்பாவையும் அம்மாவையும் பங்குதாரர்களாகப் போட்டால் 18 லட்சம் இரண்டாகப் பிரியும், இப்போதைய புது முறைப்படி ஒருவருக்கு 12 லட்சம் வரை வரியே இல்லை, ஆக வரி பூஜ்யம். இதுதான் என் கணக்கு. ஆடிட்டர் சிரித்தார். “உக்காந்து போட்டுப் பாருங்க தம்பி” என்றார்.

உட்கார்ந்து போட்டேன். இப்போது இருக்கிறபடி அப்பா ஒருவரே 18 லட்சத்துக்கும் கட்டினால், செஸ் சேர்த்து 1,66,400 ரூபாய். பங்குதாரர் நிறுவனமாக மாற்றினால் நிறுவனம் தனி ஆள், அதற்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம். உழைக்கும் பங்குதாரர்களுக்குக் கொடுக்கும் ஊதியத்தைக் கழிக்கலாம், ஆனால் அதற்கும் வரம்பு: லாபத்தின் முதல் 6 லட்சத்தில் 90 சதவீதம், மீதியில் 60. ஆக 12 லட்சத்து 60 ஆயிரம் கழியும். மிச்சம் 5 லட்சத்து 40 ஆயிரத்துக்கு நிறுவனம் கட்ட வேண்டிய வரி 1,68,480.

அதாவது 2,080 ரூபாய் நஷ்டம்.

செல்லைத் தப்பாக இழுத்துவிட்டேனோ என்று மூன்று தடவை சரிபார்த்தேன். இல்லை. பங்குதாரர்கள் போட்ட மூலதனத்துக்கு 12 சதவீதம் வரை வட்டியும் கழிக்கலாம் என்று ஆடிட்டர் சொன்னார். 15 லட்சம் மூலதனம் என்று வைத்துக்கொண்டால் நிறுவனத்தின் வரி 1,46,016க்கு இறங்கியது. மிச்சம் 20,384. தனி ரிட்டர்ன், கூடுதல் படிவங்கள் என்று ஆடிட்டர் ஃபீஸிலேயே அதில் பெரும்பகுதி போய்விடும். இதுவும் அம்மாவின் ஊதியத்தைப் பிரிவு 64 தொடாமல் இருந்தால்தான். தொட்டுவிட்டால் அதுவும் அப்பாவின் தலையில் ஏறி, இரண்டு பேர் வரியும் சேர்த்து 2,23,392. ஒன்றும் செய்யாமலே இருந்திருக்கலாம்.

பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக்கினால் சம்பளத்துக்கு அந்த 90, 60 வரம்பு கிடையாது, கணக்கு உண்மையிலேயே பூஜ்யத்துக்கு வரும். ஆனால் அங்கேயும் பிரிவு 64 வாசலில் நிற்கிறது. விற்றுமுதல் எவ்வளவாக இருந்தாலும் தணிக்கை கட்டாயம், படிவங்களுக்கு முடிவில்லை. அந்த வாரம் முழுக்க ராத்திரியில் கம்பெனிச் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். சட்டம் படிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் படிக்கிற வழக்கு ஒன்று இருக்கிறது. லண்டனில் ஆரோன் சாலமன் என்று ஒரு பூட்ஸ் வியாபாரி. 1892இல் தன் கடையைக் கம்பெனியாக மாற்றினார். மகன்கள் பங்கு கேட்டதும் அதற்கு ஒரு காரணம். ஏழு பேர் வேண்டும் என்பது அன்றைய சட்டம். மனைவி, மகள், நான்கு மகன்கள், ஆளுக்கு ஒரு பங்கு. அவருக்கு 20,001. கம்பெனி நொடித்தபோது, இது வெறும் வேஷம், கம்பெனியும் சாலமனும் ஒன்றுதான் என்றன கீழ் நீதிமன்றங்கள். 1896இல் பிரபுக்கள் சபை அதை மறுத்தது: சட்டப்படி பதிவானால் கம்பெனி வேறு, ஆள் வேறு. உலகத்தின் கம்பெனிச் சட்டமெல்லாம் அந்தத் தீர்ப்பின் மேல் நிற்கிறது. எனக்கு அந்த ஒற்றைப் பங்குதான் கண்ணில் நின்றது. காகிதத்தில் மனைவி இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்டது, அதற்காக அவள் இருந்தாள்.

கோவாவிலும் நம்மைப் போலவே ஒரு ஐரோப்பிய ஆட்சி இருந்து போனது. அங்கே போர்ச்சுகீசியக் குடிமைச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது, கணவன் மனைவி சொத்து பொதுவானது. அதனால் வருமானவரிச் சட்டத்தில் அவர்களுக்கென்றே 5ஏ என்று ஒரு பிரிவு. சம்பளம் தவிர்த்து, தொழில் வருமானத்தை இருவருக்கும் பாதிப் பாதியாகப் பிரித்தே வரி போடுவார்கள். புதுச்சேரியில் அப்படி இல்லை. 1881 ஆணையின்படி சொந்த மதச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குப் போன ரெனோன்சான் குடும்பங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. எங்கள் குடும்பம் அதில் இல்லை. பனாஜியில் ஒரு அச்சகம் வைத்திருந்தால் அம்மாவின் பாதி யாரும் கேட்காமலே அவள் கணக்கில் விழுந்திருக்கும்.

இந்தக் கணக்கையெல்லாம் ஒரு ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு இருவருக்கும் விளக்கினேன். அப்பா பாதியிலேயே, “ரெண்டாயிரம் ரூபா நஷ்டத்துக்கா இவ்ளோ?” என்று எழுந்துவிட்டார். அம்மா எழவில்லை.

“பார்ட்னர்னா, கடன் வந்தா நானும் கட்டணுமா?”

ஆமாம் என்றேன். சாதாரணப் பங்குதாரர் நிறுவனத்தில் ஒவ்வொருவரும் முழுக் கடனுக்கும் பொறுப்பு. சொந்த வீடு வரை வரும். வீடு அம்மா பெயரில் இருக்கிறது. நியாயம் செய்கிறேன் பேர்வழி என்று நான் அவளுடைய வீட்டைப் பணயம் வைக்கப் பார்த்திருக்கிறேன் என்பது அந்த நிமிடம்தான் உறைத்தது. வேண்டாம், இப்போதிருக்கிறபடியே இருக்கட்டும், உனக்குப் பாதுகாப்பு என்று சொல்ல ஆரம்பித்தேன்.

“ஆஃப்செட் வாங்கும்போது பேங்க்ல வீட்டுப் பத்திரத்த வெச்சு நான் கையெழுத்துப் போட்டேனே, அது என்ன?”

“அது கேரண்டி கையெழுத்தும்மா.”

“அப்ப நஷ்டத்துக்கு ஏற்கெனவே போட்டாச்சு. லாபத்துக்குத்தான் இன்னும் போடல.”

குரலில் கோபம் இல்லை. புரூஃபில் விட்டுப்போன ஒரு வரியைச் சுட்டிக்காட்டுகிற மாதிரிதான் சொன்னாள். கை கழுவிக்கொண்டிருந்த அப்பா குழாயை மூட மறந்து நின்றார்.

அடுத்த தடவை அம்மாவும் ஆடிட்டரிடம் வந்தாள். அவளுடைய மூலதனம் என்ன என்று அவர் கேட்டார். கணவன் கொடுத்த பணமாக இருந்தால் அதிலிருந்து வரும் வருமானம் மறுபடி கணவனுடையதுதான். 1994இல் ட்ரெடில் வாங்க என் நகையைத்தான் அடகு வைத்தோம் என்றாள் அம்மா. அடகுச் சீட்டு இருக்கிறதா? இல்லை. மீட்கும்போது சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமே. கடனை ஒழுங்காக அடைத்ததால் சாட்சி இல்லாமல் போய்விட்டது. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துப் போட்ட டெபாசிட்டா? “அதுவும் சார் பணம்னுதான்மா கணக்கு.” கடைசியில் பாட்டி சாவதற்கு முன் வங்கி வழியாகக் கொடுத்த 3 லட்சம்தான் சட்டத்தின் கண்ணில் அம்மாவுடையது. அப்பா 12, அம்மா 3. லாபத்தில் மட்டும் சரிபாதி என்று பத்திரத்தில் எழுதலாம், அதற்குத் தடையில்லை.

“தகுதிதான் பிரச்சினை” என்றார் ஆடிட்டர். தகுதி என்றால் பட்டம்தான் என்று இல்லை, அனுபவத்தால் வந்த அறிவும் சேரும் என்று ஆந்திர உயர் நீதிமன்றம் 1980களிலேயே ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறதாம். “இருந்தாலும் கையில ஒரு காகிதம் இருந்தா நல்லது. ஏதாவது படிச்சிருக்காங்களா?”

“பத்தாவது” என்றார் அப்பா.

“டைப்ரைட்டிங் ஹையர்” என்றாள் அம்மா. “தமிழ்.”

கல்யாணத்துக்கு முன்னால் விழுப்புரத்தில் ஒரு இன்ஸ்டிடியூட்டில் படித்து எழுதியது. அப்பாவுக்கே மறந்துவிட்டிருந்தது. எனக்குத் தெரியவே தெரியாது. பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் இருந்து எடுத்து வந்தாள். தமிழ்நாட்டு அரசின் தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்திய தேர்வு, முத்திரை, முதல் வகுப்பு. ஆடிட்டர் அதைக் கையில் வைத்துக்கொண்டு ‘தொழில்நுட்ப’ என்ற சொல்லை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார்.

இதைத் தற்செயல் என்று சிரித்துவிடலாம். ஆனால் 1999இல் அந்தப் பையன் போன பிறகு அம்மா எப்படி ஒரே வாரத்தில் அந்த நாற்காலியைப் பிடித்தாள் என்பதற்கு விடை அந்தக் காகிதத்தில்தான் இருந்தது. அன்றைய டிடிபி மென்பொருளில் தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தின் விசை அமைப்பையே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அவள் விரல்களுக்கு அது பதிமூன்று வருடம் முன்பே தெரியும். நான் இன்ஜினியரிங் படித்துவிட்டு இன்றைக்கும் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித்தான் வரவழைக்கிறேன்.

எல்எல்பி என்று முடிவானது. வரி பங்குதாரர் நிறுவனத்துக்கு உள்ளதேதான், ஆனால் கடன் வீடு வரை வராது. பேங்க் கேரண்டி கேட்டால் வரும், அது அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றாள் அம்மா. தனிநபர் கடையை நேரடியாக எல்எல்பியாக மாற்றுகிற வசதி சட்டத்தில் இல்லை. புதிதாக ஒன்றைத் தொடங்கி, பழைய கடையின் மெஷின்களைப் புத்தக மதிப்பில் அப்பாவின் மூலதனமாக அதற்குள் கொண்டுபோக வேண்டும். புது பான், புது ஜிஎஸ்டி எண், புது கரண்ட் அக்கவுண்ட். பிரிவு எண்கள் எனக்கு மனப்பாடம் ஆகிய நேரத்தில் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தையே எடுத்துவிட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் புதுச் சட்டம், புது எண்கள் என்று அறிவித்துவிட்டார்கள்.

டிஜிட்டல் கையெழுத்து வாங்குகிற நாள் ஒரு தடங்கல். அம்மாவின் ஆதாருக்கான ஓடிபி வரவேயில்லை. மூன்று தடவை அனுப்பினோம். நான்காவது தடவை, கீழே மெஷினில் நின்றிருந்த அப்பா மேலே குரல் கொடுத்தார்: “யார்ரா அது, எனக்கு நம்பர் நம்பரா வந்துட்டே இருக்கு?” அம்மாவின் ஆதாரில் இருந்தது அப்பாவின் செல்பேசி எண். அதை மாற்ற ஆதார் மையத்தில் ஒரு டோக்கன், பிறகு சில நாள் காத்திருப்பு.

புது எண் வந்ததும் எங்கள் பில் புக்கை நாங்களே அடிக்க வேண்டியிருந்தது. பழையதில் இன்னும் முப்பது புத்தகம் பிரிக்காமல் இருந்தது. அப்பா அவற்றைக் கட்டிங் மெஷினில் வைத்துப் பாதியாக வெட்டி ரஃப் பேட் ஆக்கினார். அம்மா பழைய ஃபைலைத் திறந்து, பெயருக்குப் பின்னால் எல்எல்பி சேர்த்து, பதினைந்து இலக்கத்தையும் அடித்து, விரலால் திரையைத் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தாள். நான்காவது எழுத்து எஃப். கீழே கையொப்பம் இடும் இடத்தில் ‘உரிமையாளர்’ என்று இருந்ததை அழித்துவிட்டு ‘பங்குதாரர்’ என்று போட்டாள்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா, “கையெழுத்துப் போட எடம் பத்தாது போலிருக்கே” என்றார்.

“ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் போட்டா போதுமாம்” என்று சொல்லிவிட்டு, அம்மா அடுத்த வேலையைத் திறந்தாள்.